இருந்த இடத்திலேயே மாற்றமும் சங்கிலி அழைப்பும்

ஒரு பட்டியலை வரிசைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் பட்டியலையே கலைத்து அடுக்குவது ஒன்று. அதைத் தொடாமல், அடுக்கிய புதுப்படி ஒன்றைத் தருவது மற்றொன்று. ஒரு செயற்கூறு திருப்பித் தருவதன் மேலேயே, புள்ளியிட்டு அடுத்த செயற்கூற்றை எழுதுவது சங்கிலி அழைப்பு. முதல் வழியும் சங்கிலியும் சேரும் இடத்தில்தான் மாணவர்கள் இடறுகிறார்கள்.

பைத்தானில் பட்டியலின் 'சார்ட்' மூலத்தையே அடுக்கிவிட்டு 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தருகிறது. இதைக் குறையாகச் சொல்வோர் பலர். ஆனால் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் வேண்டுமென்றே அப்படி அமைத்தார். சங்கிலி வாசிப்பைக் கடினமாக்கும், புது மதிப்பைத் தரும் செயல்களுக்கே அது ஏற்றது என 2003இல் அவர் விளக்கினார். புதுப்படி வேண்டுவோருக்கு 2004இல் 'சார்ட்டெட்' வந்தது.

ஜாவாஸ்கிரிப்ட்டின் 'சார்ட்' மூலத்தையும் மாற்றுகிறது, அதே பட்டியலைத் திருப்பியும் தருகிறது. பதிவெண் வரிசையில் பெயர்கள் ஒரு பட்டியலிலும் மதிப்பெண்கள் இன்னொன்றிலும் இருக்கின்றன என்று கொள்வோம். முதல் மூன்று மதிப்பெண்களைப் பார்க்க 'சார்ட்', 'ஸ்லைஸ்' இரண்டையும் சங்கிலியாக எழுதுகிறோம். விடை சரியாகவே வரும். ஆனால் மதிப்பெண் பட்டியல் கலைந்துவிட்டது. அடுத்த அச்சில் ஒருவர் மதிப்பெண் வேறொருவர் பெயருக்கு எதிரே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் வராது. பல ஆண்டுகள் மதிப்பெண் பதிவேடு எழுதிய எனக்கு இது சிறு குறையாகப் படவில்லை. (ஒப்பிடும் விதியைத் தராவிட்டால் எண்களையும் சொற்களாகக் கருதி 100ஐ 35க்கு முன் வைக்கும், அது தனிக்கதை.) மூலத்தைத் தொடாத 'டூசார்ட்டெட்' 2023ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் சேர்ந்தது.

ரூபியில் மூலத்தை மாற்றும் 'சார்ட்', 'யூனிக்' போன்றவற்றின் பெயர் இறுதியில் வியப்புக்குறி உண்டு. நல்ல எச்சரிக்கை. ஆனால் இரட்டிப்புகளை நீக்கும் வியப்புக்குறி 'யூனிக்', நீக்க எதுவும் இல்லையென்றால் 'நில்' தரும். இன்று ஓடிய சங்கிலி நாளை வேறு தரவில் அறுந்துவிடும்.

இம்மூன்றில் பைத்தானின் கண்டிப்பே எனக்கு நேர்மையாகத் தெரிகிறது. அதிலும் ஒரு குறை உண்டு. 'சார்ட்' தந்ததை மாறியில் வாங்கும் வரியில் பைத்தான் எதுவும் சொல்லாது. அந்த மாறியைப் பட்டியலாக நம்பிப் பயன்படுத்தும் வரியில்தான் பிழை காட்டும். மாணவரோ அந்த வரியையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்.