கடைசி இசைத்தட்டு

கலைஞன் ஒருவன் சின்ன வயதில் இறந்துவிட்டால் அவனுடைய கலையைப் பற்றி நிதானமாகப் பேசுவது கஷ்டம். அனுதாபம் முந்திக்கொள்கிறது. ‘இருந்திருந்தால்’ என்கிற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ரஸிகர்கள் கோபுரம் கட்டிவிடுவார்கள். கிளிஃபர்ட் பிரவுன் என்கிற டிரம்பெட் வித்துவான் விஷயத்தில் நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

பிரவுன் 1930-ல், அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்து வில்மிங்டன் நகரில் பிறந்தவர். கல்லூரியில் கணிதமும் பிறகு ஸங்கீதமும் படித்தார். 1950-ல் ஒரு கார் விபத்தில் சிக்கி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டிரம்பெட்டில் பெரியவரான டிஸி கில்லெஸ்பி அங்கே வந்து பார்த்து, வாத்தியத்தை விட்டுவிடக் கூடாது என்று தைரியம் சொன்னார். 1952-ல் முதல் இசைத்தட்டு. 1956 ஜூன் 26 இரவு, சிகாகோ போகிற வழியில், பென்ஸில்வேனியா நெடுஞ்சாலையில் மழையில் மறுபடியும் கார் விபத்து. உடன் வந்த பியானோக்காரர் ரிச்சி பவலும், காரை ஓட்டிய அவர் மனைவியும், பிரவுனும் இறந்தார்கள். பிரவுனுக்கு அப்போது வயது 25. இசைத்தட்டுகளில் நமக்குக் கிடைப்பது நாலு வருஷ வாசிப்புதான்.

அவர் வாசித்தது பீபாப் என்கிற ஜாஸ் பாணி. 1940-களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், கில்லெஸ்பி முதலியவர்கள் உண்டாக்கியது. தெரிந்த பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். மெட்டைத் தள்ளிவிட்டு, அதன் அடியில் ஓடும் ஸ்வரக் கூட்டுகளின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு, அங்கேயே அப்போதே கற்பனை செய்து வாசிப்பார்கள். வேகமோ அசுர வேகம்.

பார்க்கருக்கு ஹெராயின் பழக்கம் இருந்தது. அவர் மாதிரி வாசிக்க வேண்டுமானால் அவர் மாதிரி கெட வேண்டும் என்று நம்பிய இளைஞர்கள் பலர். பிரவுன் முன்மாதிரியாகக் கொண்ட ஃபாட்ஸ் நவாரோ, அந்தப் பழக்கமும் க்ஷயமும் சேர்ந்து வாட்ட, 1950-ல் 26-ஆவது வயதில் இறந்துபோனார். பிரவுன் அந்தப் பக்கமே போகவில்லை. சதுரங்கம் ஆடுவார், ஓயாமல் ஸாதகம் செய்வார். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே நல்ல வித்துவானாகவும் இருக்க முடியும் என்பதைப் பிரவுனைப் பார்த்துத்தான் கற்றதாக, அவருடன் வாசித்த ஸானி ராலின்ஸ் சொல்லியிருக்கிறார். கெட்டுப்போவதுதான் மேதைக்கு அடையாளம் என்று எழுதுகிற கதாசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

1954-ல் டிரம் வாசிக்கும் மாக்ஸ் ரோச்சுடன் சேர்ந்து ஐந்து பேர் கோஷ்டி ஒன்றை அமைத்தார். அவருடைய சிறந்த வாசிப்பெல்லாம் அதில்தான் என்பது என் அபிப்பிராயம். 1955-ல் பதிவான ‘ஸ்டடி இன் பிரவுன்’ இசைத்தட்டில் ‘செரோக்கி’யைக் கேளுங்கள். மற்றவர்களுக்கு இந்த வேகத்தில் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்துவிடும். பிரவுனிடம் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக, உருண்டையாக, கோத்த மணி மாதிரி நிற்கிறது. அவசரத்தின் நடுவே ஓர் அவசரமின்மை. அவரே இயற்றிய ‘ஜாய் ஸ்பிரிங்’கில் வேகம் குறைவு, ஸந்தோஷம் அதிகம். பீபாப்பில் கோபம் நிறைய உண்டு, கிண்டல் உண்டு. இப்படிக் கலப்படமில்லாத ஸந்தோஷம் அபூர்வம்.

அதே 1955-ல் வயலின் கோஷ்டி பின்னால் வாசிக்க ஓர் இசைத்தட்டு செய்தார். ஜாஸ் ரஸிகர்களில் சிலருக்கு அது பிடிக்காது. வயலின்கள் சர்க்கரைப் பாகாக இழுக்கின்றன என்பது நிஜம்தான். ஆனால் பிரவுன் அதில் பாட்டின் மெட்டை அநேகமாக அப்படியே, அலங்காரமில்லாமல் வாசிக்கிறார். எல்லாம் தெரிந்தவன் எதையும் காட்டாமல் இருப்பது லேசான காரியமில்லை. எழுதுகிறவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும்.

இனி என் தவறு. 1973-ல், ‘ஆரம்பமும் முடிவும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இசைத்தட்டு வந்தது. ஒரு பக்கத்தில் அவருடைய முதல் பதிவுகள். கடைசியில், ஃபிலடெல்ஃபியாவில் ஒரு வாத்தியக் கடையில் நண்பர்களோடு வாசித்தது. இறப்பதற்குச் சில மணி நேரம் முன்பு பதிவானது என்று சொன்னார்கள். ‘டோனா லீ’ முடிந்ததும் பிரவுனின் குரலே கேட்கிறது. கூட்டத்துக்கு நன்றி சொல்லி விடைபெறுகிறார். அந்த இடத்தில் என் கண் கலங்காமல் இருந்ததில்லை. நண்பர்களைக் கூட்டி வைத்து, ‘இதோ, இப்போது கேளுங்கள்’ என்று போட்டுக் காட்டியிருக்கிறேன். வாசிப்பிலேயே மரணத்தின் நிழல் விழுந்திருப்பதாகவும் அளந்திருக்கிறேன்.

பிறகு பிரவுனின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதிய நிக் கடலானோ, அந்தப் பதிவு 1955 மே 31-ஆம் தேதியது என்று காட்டினார். அதாவது அந்த மனிதர் விடைபெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய், மேலும் ஒரு வருஷத்துக்கு மேல் சௌக்கியமாக இருந்திருக்கிறார்!

படித்ததும் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு மனிதன் அன்றிரவு சாகவில்லை என்பதில் எனக்கு ஏமாற்றம். அதை உணர்ந்தபோது வெட்கமாகவும் இருந்தது. முடிவு அழகாக அமைய வேண்டும் என்று ஆசைப்படுகிற கதாசிரியன் புத்தி அது. நான் கேட்ட நிழல் தட்டில் இல்லை. அட்டையில் அச்சடித்திருந்த குறிப்பில் இருந்தது.

அந்தத் தட்டை மறுபடியும் போட்டேன். ஒலிப்பதிவு சுமார்தான். ஆனால் வாசிக்கிறவர் யாரிடமும் விடைபெறவில்லை. உள்ளூர் நண்பர்களோடு ஓர் இரவு, நாளைக்கும் கச்சேரி உண்டு என்ற நிச்சயத்தோடு, விளையாடுகிறார். இருபத்துநாலு வயதுப் பையனின் தெம்பு அது. இத்தனை நாளும் என் கண்ணீர் அதைக் கேட்கவொட்டாமல் அடித்திருக்கிறது.

அவர் இறந்த பிறகு பென்னி கால்ஸன் ‘ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்’ என்று ஓர் அருமையான பாட்டு இயற்றினார். துக்கப்பட விரும்புகிறவர்களுக்கு அது இருக்கிறது. பிரவுனின் தட்டுகளை வேறு மாதிரி கேட்க வேண்டும். அவர் சாகப் போகிறார் என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்ததை மறந்துவிட்டுக் கேட்பதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.