கொடையும் பொறுப்பும்

செல்வம் படைத்த தேசங்கள் தம் வருமானத்தில் ஒரு பகுதியை ஏழை தேசங்களின் அபிவிருத்திக்கென ஒதுக்குவதும், அதில் ஒரு பங்கை அந்நாட்டு மக்கள் சேவை ஸ்தாபனங்களிடம் ஒப்படைப்பதும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் வேரூன்றிய வழக்கங்கள். தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டை இவ்வகையில் அளிக்க வேண்டுமென்று ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1970-இல் இலக்கு வகுத்தது. விரல் விட்டு எண்ணத்தக்க நாடுகளே அதை எட்டின. கொடையின் அளவு முக்கியந்தான். ஆயினும் அதைப் பெற்று நடத்துகிறவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அதன் பயனை நிர்ணயிக்கிறது என்பது என் துணிபு.

இவ்வழக்கத்தின் மேன்மைக்குப் பங்களாதேஷின் 'பிராக்' ஸ்தாபனத்தைக் காட்டிலும் சிறந்த சான்று அரிது. 1972-இல், விடுதலைப் போரில் சிதைந்த சில்ஹெட் பிரதேசத்துக் கிராமங்களில் ஃபஸ்லே ஹஸன் அபேத் தொடங்கிய இத்தொண்டு, ஆக்ஸ்ஃபாம் முதலிய அந்நிய ஸ்தாபனங்களின் நிதியால் வளர்ந்தது. 1980 முதல் பத்தாண்டுக் காலம் அதன் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, பேதியால் வாடும் குழந்தைக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பையும் ஒரு பிடி வெல்லத்தையும் அரை சேர் தண்ணீரில் கரைத்துப் புகட்டும் முறையை ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் தாய்மாருக்குக் கற்பித்தார்கள். சில வாரங்கள் சென்றபின் வேறொருவர் வந்து, அத்தாய்மார் கற்றதை எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதிப்பார்; அந்த விடையைப் பொறுத்தே ஊழியரின் ஊதியம் அமையும். தாய்மார் முறையை அறிந்திருந்தும் போதிய அளவு கையாளவில்லை என்று தெரிந்தபோது, ஆண்களையும் சந்தையிலும் பள்ளிவாசலிலும் சந்தித்துப் பேசும்படி திட்டத்தையே திருத்தினார்கள். பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது; வேலையின் தரத்தை நிர்ணயித்தவளோ கிராமத்துத் தாய்.

இதற்கு நேர்மாறான காட்சியை ஹெயிட்டியில் காண்கிறோம். 2010 ஜனவரி 12-ஆம் தேதி நேர்ந்த பூகம்பத்துக்குப் பின் நிவாரணத்துக்கென வழங்கப்பட்ட சுமார் 240 கோடி டாலரில், அந்நாட்டு அரசாங்கத்துக்குக் கிட்டியது ஏறக்குறைய 1 விழுக்காடு; உள்நாட்டுத் தொண்டு ஸ்தாபனங்களுக்கு அதில் பாதி கூட இல்லை. எஞ்சியதில் பெரும்பகுதி, கொடையளித்த நாடுகளின் சொந்த இலாகாக்களுக்கும் சர்வதேச ஸ்தாபனங்களுக்கும் அந்நியக் குத்தகைதாரர்களுக்குமே சென்றது. துன்புற்ற மக்களிடம் தம் செயலுக்குக் கணக்குச் சொல்லும் அவசியம் அவர்களில் எவருக்கும் ஏற்படவில்லை. இக்குறையை உணர்ந்தே 2016-இல் இஸ்தான்புல்லில் கூடிய கொடையாளர்கள், மனிதாபிமான நிதியில் 25 விழுக்காட்டை 2020-க்குள் உள்நாட்டு அமைப்புகளுக்கு இயன்றவரை நேராக அளிப்பதாக உறுதி கூறினார்கள்; ஆனால் அவ்வுறுதி நிறைவேறவில்லை.

வரி செலுத்தும் தம் பிரஜைகளுக்குக் கணக்குக் காட்டக் கொடையாளர் கடமைப்பட்டவர்கள் என்ற வாதம் நியாயமானதே. தொண்டின் பெயரால் பணம் விரயமாவதும் கற்பனையன்று. ஆனால் அந்த நியாயம் அளவுகடந்து, ஓரிரு ஆண்டுத் திட்டங்களாகவும் ஓயாத அறிக்கைகளாகவும் உருக்கொள்ளும்போது, ஊரின் தேவையை அறிந்த ஊழியர் கொடையாளரின் விருப்பத்தை அறிவதிலேயே காலத்தைக் கழிக்கிறார். அந்நியக் கொடையையே முற்றிலும் நம்பி நிற்பதன் அபாயமோ, 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்கா தன் உதவிகளைத் திடீரென நிறுத்தியபோது பல நாடுகளின் மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டதில் வெளிப்பட்டது. கைத்தொழில் விற்பனை முதலிய முயற்சிகளால் தன் செலவுக்குத் தானே வழிதேடிக்கொண்ட பிராக்கின் முன்யோசனை இங்கே போற்றத்தக்கது.

ஆகவே உதவியை நிறுத்துவது பரிகாரமாகாது. பல ஆண்டுகளுக்கு உறுதியளித்து, உள்நாட்டு ஸ்தாபனத்திடம் நேராகக் கொடுத்து, வரவுசெலவைக் கண்டிப்புடன் தணிக்கை செய்து, வேலையின் முறையையும் முதன்மையையும் அந்த மண்ணின் மக்களுடைய தீர்மானத்துக்கு விட்டுவிடுவதே தக்க நெறி. கொடுக்கும் தேசங்கள் அந்நெறியை மேற்கொள்ள வேண்டும்; பெறும் தேசங்களின் பிரஜைகளும் தம்மூர்த் தொண்டு ஸ்தாபனங்களைத் தம் சொந்தப் பொருளால் இயன்ற அளவு தாங்கி, அவற்றிடம் கணக்குக் கேட்கும் உரிமையைத் தேடிக்கொள்ள வேண்டும்.