உங்கள் புகைப்படத்தை எங்கே வைப்பது?

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்தை நம் நாட்டில் எண்ணற்றோர் படம் பிடித்தனர். நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் 82 நிமிடங்கள் இருந்தது. வாசகர்களே, உங்களிடமும் அப்படி ஒரு படம் இருக்கலாம். கிரகணம் இல்லாவிட்டால் ஒரு பறவை, ஒரு பழைய கல்வெட்டு, மழை மேகம் என்று வேறு ஏதேனும் இருக்கும். அதைப் பிறரும் காணும்படி இணையத்தில் வைக்க விரும்புகிறீர்கள். எங்கே வைப்பீர்கள்?

“எல்லாரும் எங்கே இருக்கிறார்களோ அங்கே” என்பதுதான் பெரும்பாலோர் தரும் விடை. இந்த விடை எனக்கு உடன்பாடானது அன்று. எத்தனை கண்கள் பார்க்கும் என்பதைவிட, படம் அங்கே போனபின் என்ன ஆகிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

2007 அக்டோபரில் ஹோம்ஸ் என்னும் வால்மீன் ஓரிரு நாட்களுக்குள் பல லட்சம் மடங்கு ஒளி மிகுந்து வெறும் கண்ணுக்கே தெரிந்தது. உலகெங்கும் பொழுதுபோக்காகப் படமெடுப்போர் அதைப் படமெடுத்து இணையத்தில் இட்டனர். 2010-இல் டஸ்டின் லாங், டேவிட் ஹாக் என்னும் இரு ஆய்வாளர்கள் அந்த வால்மீனின் பெயரைத் தேடுபொறியில் கொடுத்து, கிடைத்த படங்களை ஆயிரக்கணக்கில் திரட்டினர். ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன்களைக் கொண்டு, அது வானின் எப்பகுதியைக் காட்டுகிறது என்று கணிப்பொறி கண்டறிந்தது. அவற்றிலிருந்து வால்மீனின் பாதையையே அவர்கள் கணக்கிட்டுவிட்டனர்! எந்தத் தொலைநோக்கி நிலையத்தின் அளவீடும் அக்கணக்கில் சேரவில்லை. யார் எடுத்தார், எதற்காக எடுத்தார் என்பது தெரியாத படங்களே போதுமானவையாயின. ஆயினும் ஒரு குறை. படங்களுடன் வந்த தேதிக் குறிப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான் சரியானவை என்று அவர்கள் கண்டனர்.

ஆக, நீங்கள் விளையாட்டாக எடுத்த படம்கூட ஓர் அளவீடு ஆகலாம். அப்படி ஆக வேண்டுமானால் படப்புள்ளிகளும் நேரக் குறிப்பும் கெடாமல் இருக்க வேண்டும். இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால், புகழ்பெற்ற இடங்கள் பலவற்றின் நிறம் வெளுத்துவிடுகிறது.

முதலில் இன்ஸ்டாகிராம். 2010-இல் தோன்றிய இது, படத்தை 1080 புள்ளி அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது. உங்கள் காமிரா 6000-க்கு 4000, அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் தருவதாகக் கொள்வோம். சுருங்கியபின் 1080-க்கு 720, ஏறக்குறைய 7 லட்சத்து 78 ஆயிரம். முப்பதில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. இதன் பொருளை நிலவின்மீது வைத்துப் பாருங்கள். 300 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ், நிலவைச் சுமார் 2.7 மி.மீ. அகலப் பிம்பமாக விழச் செய்யும். சாதாரணக் காமிராவின் உணர்தகட்டில் இது ஏறத்தாழ 700 புள்ளிகள். நிலவின் விட்டம் 3,474 கி.மீ. ஆகையால் ஒரு புள்ளி சுமார் 5 கி.மீ. 85 கி.மீ. அகலமுள்ள டைக்கோ பள்ளம் 17 புள்ளிகளில் வட்டமாகத் தெரியும். சுருக்கியபின் நிலவே 125 புள்ளிதான். டைக்கோ 3 புள்ளி. அது பள்ளமா, லென்ஸில் ஒட்டிய தூசியா என்று சொல்ல முடியுமா?

“நிலவை மட்டும் வெட்டி எடுத்து இடலாமே” என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்விதான். நிலவு பிழைத்துக்கொள்ளும். ஆனால் முழு மறைப்பின்போது நிலவைச் சுற்றித் தெரிந்த விண்மீன்கள் வெட்டுப்பட்டுப் போகும். நிலவு எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அவையல்லவா சாட்சி?

சுருக்குவது ஒரு புறமிருக்க, இறுக்குவது இன்னொன்று. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 என்று 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒளி ஏறி இறங்குவதைப் பல கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதுகிறது. இதற்கு அடிப்படையான கணித மாற்றத்தை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் வெளியிட்டார். மிக அழகான கருத்து அது. குறை கருத்தில் இல்லை, பயன்படுத்துவோர் கையில் இருக்கிறது. கோப்பைச் சிறிதாக்க வேண்டுமென்றால் நுண்ணிய, மெல்லிய அலைகளைச் சுழியாக்கிவிடுவார்கள். முகங்களுக்கும் பூக்களுக்கும் இதனால் பெரிய கேடில்லை. கிரகண நிலவின் ஓரத்தில் செம்மையிலிருந்து கருமைக்குப் படிப்படியாகத் தேயும் ஒளியோ, கட்டம் கட்டமாக உடைந்துபோகும்.

வாட்ஸ்அப் வழியே வழக்கமான முறையில் அனுப்பும் படத்துக்கும் இதே கதிதான். 2023-இல் கூடுதல் தெளிவுள்ள படங்களை அனுப்ப வழி வந்தது. ஆனால் அதுவும் மூலப்படம் அன்று. ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். நண்பர் ஒருவருக்கு அனுப்ப இது போதும். உலகத்துக்குக் காட்டப் போதாது.

இனி எக்ஸிஃப் குறிப்புக்கு வருவோம். படம் எடுத்த நாள், நொடி, திறப்பு நேரம், லென்ஸின் குவியத் தொலைவு, சிலவற்றில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றைக் காமிரா தானே கோப்புக்குள் எழுதிவைக்கிறது. பகுதி கிரகணப் படங்கள் இரண்டும் அவை எடுத்த நேரமும் இருந்தால், பூமியின் நிழல் நிலவைப்போல் எத்தனை மடங்கு அகலம், நிலவு அதற்குள் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பள்ளி மாணவரே கணக்கிடலாம். நேரம் போய்விட்டால் அது வெறும் அழகிய படம். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் படங்களிலும் இக்குறிப்பு பார்ப்பவர் கைக்கு வருவதில்லை. இதில் ஒரு நன்மையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. வீட்டு முற்றத்தில் எடுத்த படம் உங்கள் முகவரியை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிய பறவையின் கூடு இருக்கும் இடமும் அப்படித்தான். ஆனால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்.

இலவசமாக எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சையும் அளந்தே நம்ப வேண்டும். 2015-இல் எல்லையில்லா இலவச இடம் என்று தொடங்கிய கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் முதல் 15 கிகாபைட்டுக்குள் அடக்கிவிட்டது. போட்டோபக்கெட் 2017-இல், பிற தளங்களில் படங்கள் தோன்ற ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் என்றது. பணம் கட்டாதவர்களின் படங்கள் பல பக்கங்களிலிருந்து ஒரே நாளில் மறைந்தன.

பிளிக்கரும் இதற்கு விலக்கன்று. 2004-இல் தோன்றி, யாஹூவிடம் சென்று, 2013-இல் ஒரு டெராபைட் இலவசம் என்று அள்ளிக் கொடுத்தது. 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் வாங்கியபின், இலவச உறுப்பினருக்கு 1,000 படங்களே என்று வரம்பிட்டது. இருந்தும் எனக்குப் பிளிக்கர்மீது மதிப்பு உண்டு. பணம் செலுத்துவோரின் மூலக்கோப்பை அப்படியே காக்கிறது. எக்ஸிஃப் குறிப்பைக் காட்டவும் மறைக்கவும் உங்களையே கேட்கிறது. படத்துக்குப் படம் உரிமம் குறிக்க விடுகிறது. கட்டணம் கட்டும் வசதியுள்ளவர், தம் படங்களையெல்லாம் ஒழுங்காக அடுக்கிவைக்க இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் பார்க்கவில்லை. சொந்தத் தளம் அமைப்பது பெருமைதான். முகவரிக் கட்டணத்தை ஓராண்டு மறந்தால் கதவு மூடிவிடும்.

மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 2004 முதல் இயங்கும் விக்கிமீடியா பொதுவகம். விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, புள்ளி ஒன்றும் குறைவதில்லை, எக்ஸிஃப் குறிப்பு படத்தின் கீழேயே அட்டவணையாகத் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைக்கு உங்கள் படம் நேராகப் பயன்படும். பார்ப்பதற்கு அலுவலகப் படிவம் போல வறட்சியாக இருக்கும் என்பது உண்மை. குடும்பப் படங்களுக்கு அங்கே இடமில்லை. மேலும், நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை பொதுவாக எடுத்தவருக்கே, பதிவு செய்யாவிட்டாலும்கூட. பொதுவகத்தில் இடும்போது, பெயரைக் குறிப்பிட்டு எவரும், வணிகத்துக்கும்கூட, பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். கொடுத்ததைப் பின்னர் திரும்பப் பெற முடியாது. விற்கக் கருதும் படத்தை அங்கே வைக்காதீர்கள்.

பதிவேற்றும்போது விளக்கம் கேட்கும் கட்டத்தை ஒற்றைச் சொல்லில் நிரப்பிவிட வேண்டாம். எந்த ஊர், எந்தத் திசை, எந்த லென்ஸ் என்று எழுதுங்கள். காமிராவின் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியதா என்பதையும் எழுதுங்கள். வாங்கிய நாளிலிருந்து கடிகாரத்தைத் திருத்தாத காமிராக்கள் நம்மிடையே ஏராளம்.