மார்கழி, மைக், அப்பாவின் காது

போன மார்கழியின் கணக்கு இது: நான்கு கச்சேரி, வேடந்தாங்கல் ஒரு நாள், வல்லக்கோட்டை முருகன் ஒரு நாள், ஆபீஸில் ஒரு ரிலீஸ், மனைவிக்கு இரண்டு வாரம் நைட் ஷிஃப்ட். எல்லாவற்றையும் எழுதினால் டைரி ஆகிவிடும். அதனால் ஒரே ஒரு விஷயம்: சபாக்களில் வைக்கும் சத்தம். கச்சேரி விமர்சனம்னா பாடகரைப் பற்றித்தான் எழுதுவார்கள். இது ஸ்பீக்கரைப் பற்றிய விமர்சனம்.

அப்பாவுக்கு 78 வயது. ரேடியோவில் ராகம் கண்டுபிடித்தே வளர்ந்தவர். இரண்டு வருஷமாகக் காதுக்கருவி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மயிலாப்பூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பூந்தமல்லி நெரிசலைத் தாண்டிப் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம். முதல் கச்சேரியில் வர்ணம் முடிவதற்குள் கருவியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "வயலின் விசில் அடிக்குதுடா" என்றார். மீதி இரண்டு மணி நேரம் மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

நான் ஒரகடத்தில் வண்டிப் பாகங்களுக்கு மென்பொருள் எழுதுபவன். பிழை என்று வந்தால் விடமாட்டேன். வீட்டுக்கு வந்து படித்தேன். காதுக்கருவிக்குள் இருக்கும் மென்பொருள் பேச்சுக்காக எழுதப்பட்டது. கருவியின் ஒலி கசிந்து அதன் மைக்குக்கே திரும்பினால் 'கீ' என்று கத்தும். அதை அடக்க ஒரு அல்காரிதம் உண்டு. ஒரே சுருதியில் நீண்டு நிற்கும் ஒலி வந்தால், அதுதான் அந்த விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். பேச்சில் அப்படிப்பட்ட ஒலி குறைவு. வயலினிலும் புல்லாங்குழலிலும் அதுதான் சங்கீதமே. இரைச்சலைக் குறைக்கும் பகுதி, தம்புராவை ஃபேன் சத்தமாக எடுத்துக்கொள்ளலாம். சின்ன ஒலியை ஏற்றி, பெரிய ஒலியை இறக்கும் இன்னொரு பகுதி, பாடகர் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்திவிடும்.

ஆடியாலஜிஸ்டிடம் போனோம். இவற்றையெல்லாம் தளர்த்திவிடும் 'மியூசிக் ப்ரோக்ராம்' அந்தக் கருவியிலேயே இருந்தது. பத்து நிமிஷ வேலை. இரண்டு வருஷமாக நாங்கள் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அடுத்த கச்சேரியில் விசில் போச்சு. ஆனால் மிருதங்கம் சேர்ந்ததும் எல்லாம் கரகரத்தது. காரணம் இன்னொன்று. 16 பிட் கருவி வாங்கிக்கொள்ளும் வீச்சு சுமார் 96 டெசிபெல். சாதாரணப் பேச்சு 65 வாக்கில். சத்தமான இசையின் உச்சங்கள் 100ஐத் தாண்டும். வாசலிலேயே தலை வெட்டுப்பட்ட ஒலியை உள்ளே எந்த செட்டிங்கும் ஒட்டவைக்க முடியாது. இங்கே பிழை கருவியில் மட்டும் இல்லை, அரங்கத்திலும்தான்.

மைக்கைத் திட்டுவது என் நோக்கமில்லை. மைக் வருவதற்கு முன் கூட்டத்துக்கு எட்டும்படி உரக்கப் பாட வேண்டியிருந்தது. மெல்லிய குரலுக்கும் வீணைக்கும் பெரிய அரங்கில் இடம் கொடுத்தது மைக்தான். ஆனால் இன்று மேடையில் நடப்பது போட்டி. பாடகர் விரலை மேலே காட்டுவார், வயலின்காரர் தனக்கும் என்பார், மிருதங்கக்காரர் தன் பங்குக்குக் கேட்பார். இறக்கச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 என்றால் 4 மணி நேரம்தான். அந்த அளவில் இரண்டு கச்சேரி கேட்டாலே வாரக் கோட்டா முடிந்தது. சீசனில் அதை ஒரே நாளில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் பிரச்சினை நாளைக்கு நம் பிரச்சினை.

மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை, ராமானுஜர் பிறந்த ஊரென்பதால் இங்கே திருப்பாவைக்குக் கூடும் கூட்டத்தோடு ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். நாகஸ்வரம், மைக் இல்லை. அதுவும் சத்தமான வாத்தியம்தான். ஆனால் திறந்தவெளி. அப்பா நாலு அடி பின்னால் போனார், இன்னும் பத்து அடி போனார், ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். எவ்வளவு சத்தம் வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். சபாவில் எண் போட்ட நாற்காலியில் அது முடியாது.

"பூபாளமாப்பா?" என்று கேட்டேன்.

"பௌளிடா. நிஷாதம் வருது பார்."

இரண்டு வருஷத்தில் அவர் எனக்கு ராகம் சொன்னது அன்றுதான்.

சபாக்களிடம் கேட்க மூன்று விஷயம் இருக்கிறது. சவுண்ட் மேஜையில் ஒரு அளவுமானி வைத்து உச்ச வரம்பு போடுங்கள். டெலிகாயில் உள்ள காதுக்கருவிக்கு ஒலியை நேரே அனுப்பும் லூப் வயரை இரண்டு வரிசைக்காவது போடுங்கள். கேட்க வருபவர்களில் பாதிப் பேர் தலை நரைத்தவர்கள். சின்ன அரங்கம் இருந்தால், வாரத்துக்கு ஒரு கச்சேரி மைக் இல்லாமல் நடத்திப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் காதுக்கருவி போட்டவர் இருந்தால், இசைக்கென்று தனி ப்ரோக்ராம் இருக்கிறதா என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள். நாங்கள் இரண்டு மார்கழி தாமதமாகக் கேட்டோம்.