ஒலிவியாவின் முகம்

'தேர்டீன் ரீசன்ஸ் ஒய்' தொடரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ரசிகர்கள் கேதரின் லாங்ஃபோர்டின் குரலையும் டிலன் மினெட்டின் மருண்ட கண்களையும் புகழ்வது வழக்கமாகிவிட்டது. அப்புகழ் இருவருக்கும் உரியதுதான். அதற்குமுன் பலரும் அறிந்திராத ஓர் ஆஸ்திரேலிய இளம் நடிகை, பதின்மூன்று பாகங்களிலும் ஒலிநாடாவின் வழியே வியாபித்து நிற்கும் அந்தக் குரலைப் பிசிறின்றிக் காப்பாற்றியது சாமானியமான காரியமன்று. ஆயினும், 2017 மார்ச் 31 அன்று வெளியான அந்த முதற்பருவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் எனக்கு, அதன் ஜீவன், தன் சாவுக்கான காரணங்களை ஒலிநாடாக்களில் பதிந்துவைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்ட மாணவி ஹன்னாவிடமும் (லாங்ஃபோர்ட்) இல்லை, அவற்றைக் கேட்கும் சக மாணவன் கிளேயிடமும் (மினெட்) இல்லை, நலிந்துகொண்டிருக்கும் ஒரு மருந்துக்கடையில் நின்றபடி மகள் ஹன்னாவின் மரணத்துக்குப் பொருள் தேடும் ஒலிவியா பேக்கரிடம், அதாவது கேட் வால்ஷின் முகத்தில்தான் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டுக்கொண்டே வருகிறது.

'கிரேஸ் அனாடமி'யில் எடுப்பான தோற்றமும் கூரிய வாக்குமாக அடிசன் மாண்ட்கோமரியாய் உலவியவர் இவர்தானா என்று ஐயுறும்படி, ஒப்பனையை ஏறக்குறைய துறந்து, உறக்கமற்ற இமைகளோடு அவர் இதில் வருகிறார். நான் வியப்பது அந்தப் புறவேஷத்தையன்று. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்றால் கதறியழ வேண்டும் என்று எதிர்பார்க்கிற நமக்கு, அவர் அழுகைக்குப் பதிலாகத் தேடலைத் தருகிறார். பள்ளியின் மாணவியர் கழிப்பறைக்குள் நுழைந்து, சுவரெங்கும் கிறுக்கப்பட்டிருக்கும் வசைகளை அவர் பார்க்கும் காட்சியைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கோபமோ துக்கமோ வந்து முகத்தைப் பற்றிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கணம், வெறும் வாசிப்பு மட்டுமே அங்கு இருக்கிறது. அந்த ஒரு கணத்தில், தன் மகள் நாள்தோறும் எத்தகைய உலகுக்குள் நடந்துபோய் வந்தாள் என்பதைத் தாய் முதன்முறையாக அறிந்துகொள்கிறாள். பக்கத்தில் பிரையன் டார்ஸி ஜேம்ஸ், மறக்க விரும்பும் தந்தையாக, தாழ்ந்த குரலில் அவருக்குச் சுருதி கூட்டிக்கொண்டே வருகிறார். மனைவி கேள்விகளைப் பெருக்க, கணவர் அவற்றை மூடிவைக்க, ஒரே துக்கம் இருவரைப் பிரித்துவிடும் விதத்தை அந்த இல்லறக் காட்சிகள் எத்தனை நுட்பமாகச் சொல்கின்றன!

தொழில்நுட்பத்தில் நயமில்லை என்பாரும் உண்டு. அவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. கிளேயின் நெற்றிக் காயம் ஒன்றையே அடையாளமாக வைத்து நிகழ்காலத்தையும் சென்ற காலத்தையும் பிரித்துக் காட்டியதும், ஹன்னா உயிரோடிருந்த நாட்களுக்கு வெதுவெதுப்பான வெயில் நிறமும் அவளில்லாத நாட்களுக்கு நீலம் பாய்ந்த குளிர்நிறமும் கொடுத்ததும், இவ்விரு நிறங்களும் ஒரே காட்சிக்குள் தயக்கமின்றிக் கலந்து பிரிவதும் முதலிரு பாகங்களை இயக்கிய டாம் மெக்கார்த்தி வகுத்துக்கொடுத்த பாதை என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

துன்புறுத்தலை இத்தொடர் கையாண்ட விதத்தில் எனக்குள்ள பெருமதிப்பு அதன் கொடூரமான காட்சிகளால் வந்ததன்று; அற்பமானவற்றுக்கு அது கொடுத்த இடத்தால் வந்தது. வகுப்பில் ஒவ்வொரு மாணவர் பெயரிலும் ஒரு காகிதப் பை வைத்திருக்கிறார்கள். அதில் மற்றவர்கள் கையொப்பமில்லாமல் பாராட்டுச் சீட்டுகளைப் போடலாம். ஹன்னாவின் பையிலிருந்து அச்சீட்டுகளைச் சக மாணவன் ஜாக் திருடுகிறான். அடியில்லை, வசையில்லை, யாரும் காணவுமில்லை. நாலு நல்ல சொற்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை, அவ்வளவே. சட்டத்தின் எந்தப் பிரிவிலும் அடங்காத இந்தக் குற்றத்தை ஒரு முழுப் பாகத்தின் நடுவே வைக்கத் துணிந்தவர்கள் மெய்யான கலைஞர்கள். நான் படித்த பள்ளியிலும் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்தவர்களைவிட, வருகைப்பதிவு எடுக்கையில் ஒருநாள் அதையே சொல்லியழைத்து வகுப்பைச் சிரிக்கவைத்த ஆசிரியர்தான் அந்தப் பெயரை அவன் மேல் நிரந்தரமாக ஒட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். விளையாட்டுக்குச் சொன்னது என்ற ஒற்றை வாக்கியத்தின் பின்னால் எத்தனை பெரியவர்கள் ஒதுங்கி நின்றுகொள்கிறார்கள் என்பதை இத்தொடர் போல் வேறொன்று எனக்குக் காட்டியதில்லை.

அதே ஜாக் விஷயத்தில்தான் தொடரின் உள்முரணும் தெரிகிறது. தான் எழுதிய கடிதத்தை அவன் கசக்கி எறிந்தான் என்று நாடாவில் ஹன்னா சொல்கிறாள். அவனோ அதைத் தன்னிடமே பத்திரமாக வைத்திருக்கிறான். ஆகவே நாடாக்கள் சொல்வது முழு உண்மையன்று. வேதனையுற்ற ஓர் உள்ளம் தனக்குத் தெரிந்த அளவில் கண்ட உண்மை. பதின்மூன்று பக்கங்கள், பதின்மூன்று காரணங்கள் என்று ஒரு மரணத்தைக் கூட்டல் கணக்காக்கிக் காட்டுவது ஜே ஆஷர் 2007இல் எழுதிய நாவலிலிருந்தே வந்த குறை. மாண்டபின் பேசுகிறவளுக்குக் கதையின் அத்தனை அதிகாரத்தையும் வழங்கி, பழிதீர்த்தலின் சாயலைத் தந்துவிட்ட குறை. அக்கணக்கை உள்ளிருந்தே மறுக்கும் பாத்திரம் ஒலிவியா. பருவத்தின் இறுதிவரை நாடாக்களைப் பற்றி ஏதுமறியாத அவளுக்குக் காரணங்கள் வரிசையாக வருவதில்லை. கடையின் பணப்பையை மகள் தொலைத்துவிட்டு வந்த அன்று தான் காட்டிய சலிப்பும் அவற்றுள் ஒன்றோ என்று பார்க்கிற நமக்கே தோன்றும்போது, அவள் உள்ளத்தில் என்னவெல்லாம் தோன்றியிருக்கும்! கடன்சுமையில் எந்தப் பெற்றோரும் காட்டக்கூடிய சாதாரணச் சலிப்பு அது. தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் சொல்லுகையில் இளிவையும் இழவையும் அடுத்தடுத்து வைத்தார். மகள் பட்டது இளிவு. தாய் பட்டது இழவு. ஒன்று மற்றொன்றை எவ்வாறு பெற்றெடுக்கிறது என்பதற்கு இப்பருவம் ஒரு நீண்ட வியாக்கியானமாகவே எனக்குப் படுகிறது.

இனி, எல்லோரும் சண்டையிட்ட அந்தக் கடைசிப் பாகத்துக்கு வருவோம். நாவலில் நேரே காட்டப்படாத மரணத்தைத் தொடர் ஏறக்குறைய மூன்று நிமிஷம் கண்முன் நிறுத்தியது. அதன் கோரத்தைப் பார்த்தால் யாரும் பின்பற்றத் துணியமாட்டார்கள் என்பது தொடரை உருவாக்கிய பிரையன் யார்க்கி முதலானோரின் நோக்கம். மனநல மருத்துவர்களோ, இவ்விஷயத்தில் அருவருப்பு காப்பாகாது, காட்சியே தூண்டுதலாகலாம் என்று தொடக்கத்திலிருந்தே எச்சரித்தார்கள். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளிடையே தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் உயர்ந்ததாக 2019இல் ஓர் ஆய்வு கூறியது. தொடர்தான் காரணம் என்பதை ஒப்பாத ஆராய்ச்சியாளரும் இருந்தனர். அந்த 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் அக்காட்சியை நீக்கிவிட்டது. கலையின் கையைக் கட்டிவிட்டார்கள் என்று அப்போது வருந்திய நண்பர்களை நான் அறிவேன். அவர்களுக்கு என் விடை ஒன்றே: வெட்டப்பட்ட வடிவம்தான் உயர்ந்த கலை. இப்போது ஹன்னா கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள்; அடுத்து நாம் காண்பது பெற்றோரை. நடந்தது என்ன என்பதைக் கேட் வால்ஷின் முகத்திலிருந்தே நாம் படித்துக்கொள்கிறோம். அந்த முகத்துக்கு முன்னால் வேறெந்தச் சித்திரமும் வேண்டியிருக்கவில்லை. மரணத்தை அரங்கில் நிகழ்த்தலாகாது என்று வடமொழி நாடக இலக்கணம் விதித்ததும், யவன நாடகாசிரியர்கள் பெரும்பாலும் அதைத் தூதுவன் வாயில் விட்டதும் கோழைத்தனத்தால் அல்ல. காண்பவன் உள்ளம் சாவின் முறையில் சிக்காமல் சாவின் விளைவில் நிலைக்க வேண்டும் என்ற ஞானத்தால் என்றே நான் கொள்கிறேன். மருத்துவமும் ரசனையும் ஒரே தீர்ப்பைச் சொல்லும் தருணங்கள் அரிது. இது அவற்றுள் ஒன்று.

இத்தகைய நிதானம் பின்வந்த பருவங்களில் நிலைக்காமற் போனது என் தீராத மனக்குறை. இரண்டாம் பருவத்தில் ஹன்னாவை ஆவியுருவில் கொணர்ந்து பேசவைத்தார்கள்; மூன்றாவதில் கொலை செய்தவன் யார் என்ற துப்பறியும் கதைக்குப் போனார்கள்; 2020இல் நான்காம் பருவத்தோடு முடிகையில், காகிதப் பையையும் கசங்கிய கடிதத்தையும் கண்டெடுத்த அந்தக் கண்கள் எங்கே போயின என்று ஏங்க வேண்டியதாயிற்று. அதிர்ச்சியின் அளவைக் கூட்டுவதே துணிவு என்று இன்றைய இளைஞர் தொடர்கள் பலவும் நினைப்பது இங்கிருந்து கற்ற பாடமோ என்று அஞ்சுகிறேன்.

முதற்பருவத்திலும் ஒரு பெருங்குறை உண்டு. ஹன்னா கடைசியாக உதவி நாடிப் போகும் பள்ளி ஆலோசகர் போர்ட்டரை டெரெக் லூக் அப்பழுக்கற்ற நேர்மையோடு நடித்திருக்கிறார். நல்ல மனிதன் ஒருவன் சரியான கேள்வியைக் கேட்கத் தவறும் பரிதாபம் அது. எனினும் சொல்லிப் பயனில்லை என்ற முடிவைப் பார்க்கிற பிள்ளை எடுத்துக்கொண்டு போகுமாறு கதையை அமைத்தது தவறு. சொன்னால் செவிகொடுப்பவர் உண்டு, அந்த இருட்டிலிருந்து மீண்டு வாழ்பவர் எண்ணற்றவர் என்பது உலகியல் உண்மையாதலின், அதை மறைப்பது யதார்த்தமாகாது. இக்குறைக்கு ஆசிரியர்கள் இட்ட ஒரே பரிகாரம், இறுதியில் கிளே தானே முன்வந்து, விலகிப்போன பழைய தோழி ஸ்கையிடம் பேசத் தொடங்கும் சிறு காட்சி. அதை ஒட்டவைத்த நீதி என்று கழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாடாக்களைக் கேட்ட ஒருவன், அவை யார் யாரைக் குற்றஞ்சாட்டின என்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவளிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கற்றுக்கொண்டான் என்றால், அத்தனை பாகங்களும் வீணாகவில்லை. இந்தப் பொருளை இனித் தொடுகிற படைப்பாளிகள் அந்தக் கேள்வியிலிருந்து தம் கதையைத் தொடங்குவார்களாயின், ஒலிவியாவைப் போன்ற தாயொருத்தியைப் படைக்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு நேராது.