குரலுக்கும் முகம் உண்டு

பத்திரிகை ஊழல் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 'கவர்' வாங்கும் நிருபரும், காசுக்குப் போடும் தேர்தல் செய்தியும்தான். கவரே கைமாறாத ஊழல் ஒன்று உண்டு. 2019 மார்ச்சில் அது நம் வீட்டு ஹாலிலேயே நடந்தது.

பொள்ளாச்சி. நம்பி வந்த பெண்களை மிரட்டி வீடியோ எடுத்த கும்பலின் கதை உங்களுக்குத் தெரியும். அந்த வீடியோவின் ஒரு துண்டு வெளியே வந்ததும் சேனல்கள் பிடித்துக்கொண்டன. முகத்தை மங்கலாக்கினார்கள், சரி. குரலை? ஒரு பெண் அழுது கெஞ்சுவதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். கேட்டால் விழிப்புணர்வு என்பார்கள். ஒரு தடவை போட்டால் விழிப்புணர்வு. இருபது தடவை போட்டால் அது வியாபாரமுங்க.

கொங்குச் சீமையில் ஆளைக் கண்டுபிடிக்க முகமெல்லாம் வேண்டாம். 'எந்த ஊரு, யாரு தோட்டத்துப் புள்ள?' இந்த இரண்டு கேள்வி போதும். குரல், வயசு, காலேஜ் என்று துண்டு துண்டாகக் கசிந்தால் மிச்சத்தை டீக்கடை பெஞ்சே கண்டுபிடித்துவிடும். பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை மட்டுமல்ல, அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்காகத்தான்.

மூன்றே மாதம். மாவட்ட எஸ்.பி. பத்திரிகையாளர்கள் முன்னால் பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி அரசுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது.

பெயரைச் சொன்னது அதிகாரிதானே என்று பத்திரிகைகள் நழுவ முடியாது. அதிகாரி வாய் தவறும்போது பேனாவை மூடத் தெரிந்தவர்தான் நிருபர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகைகள் சத்தம் போடாவிட்டால் வழக்கு சி.பி.ஐ. வரை போயிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்தச் சத்தம் போலீஸைப் பார்த்துப் போட வேண்டியது. அதற்கு அந்தப் பெண்ணின் அழுகை எதற்கு?

கோவை மகளிர் நீதிமன்றத்தைப் பாருங்கள். விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்றார் அரசு வழக்கறிஞர். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. வெளியே பெயர் போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு பெண் தைரியமாகப் பேசுவாள். அந்த நம்பிக்கையைத்தான் கேமராக்கள் உடைக்கப் பார்த்தன.

அடுத்த தடவை டி.வி.யில் அழுகைச் சத்தம் கேட்டால் சேனலை மாற்றிவிடுங்கள். கவர் வாங்கும் நிருபரைத் திட்டுகிறோம். நாம் உட்கார்ந்து பார்க்கும் ஒவ்வொரு நிமிஷமும் சேனலுக்கு நாம் கொடுக்கும் கவர்தான்.