கால்ஷீட்

தயாரிப்பு நிர்வாகம் பயில்பவர் முதலில் எழுதிப் பழகும் தாள் கால்ஷீட். தமிழ்த் திரையுலகில் இச்சொல் நடிகர் ஒதுக்கித் தரும் நாட்களைக் குறிக்கும். படப்பிடிப்புக் குழுவுக்கோ அது, மறுநாள் யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்னிரவே கைக்கு வந்துசேரும் ஒற்றைத் தாள்.

அதன் அருமை இலங்கையின் புத்தளம் மாவட்டத்து உடப்புக் கரையில் நன்கு தெரியும். அங்கே கரைவலை இழுப்பைப் படமாக்கத் தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்த மாதங்களே தோது. காற்று வீசும் காலத்தில் மைக்கில் இரைச்சல்தான் பதிவாகும். காலை வெயில் நிலப்பக்கமிருந்து வருவதால் கடலும் தோணியும் துலங்கும். கடலைப் பார்த்து நின்று இழுப்பவர்களின் முகத்தில் ஒளி விழுவது மாலையில்தான். ஆகவே ஒரே இழுப்பின் காட்சிகள் தாளில் இரண்டு வேளைகளாகப் பிரியும். மீன் நிறைந்த வலைமடி கரையேறும் கணத்துக்கு ரீடேக் கிடையாது. அந்த நேரத்தை வலைக்கு உரிமையாளரான சம்மாட்டியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும். சாப்பாட்டு வேளையும் அதற்கேற்ப நகரும். நல்ல நிர்வாகியின் நுட்பம் இந்த நகர்த்தலில் இருக்கிறது. கேமராவில் உப்புக்காற்றுப் படியாமல் துடைக்கும் இடைவேளைக்கும் அவர் நிமிடம் ஒதுக்குவார். தாளின் ஓரத்தில் சூரியன் மறையும் நேரம், அருகிலுள்ள மருத்துவமனைக்கு வழி.